லேப்டாப்புக்குள் ஈரமணல்

காயல்பட்டினத்து பாஹிமாவின் லேப்டாப் தோசைக்கல்லாகச் சுட்டது. ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷமான கணவன் யாசிரோடு தோஹாவுக்குப் பேசும்போதெல்லாம் பாதியில் அணைந்தது.

மில்லர்புரத்து லேப்டாப் ரிப்பேர் கடைக்காரர் அதைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு கைப்பிடி ஈரமணலை எடுத்தார்.

“கடக்கரையில வச்சா பாக்கிய?”

“வீட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல, அண்ணாச்சி.”

சுத்தம் செய்ததும் சூடு தணிந்தது. அன்று சாயங்காலம் யாசிர் தோஹா கடற்கரையில் உட்கார்ந்து வீடியோவில் அழைத்தான். மணல் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சின் நடுவே ஓர் அலை வந்து அவன் கால்களை நனைத்தது.

பாஹிமா குனிந்து பார்த்தாள். அவள் மடியும் நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

“ஏளா, என்ன தனியா சிரிக்க?” என்றான் யாசிர்.

“ஒண்ணுமில்ல மச்சான். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.”