உரமேட்டுச் சூடு

ஒரே ஒரு ஊராம், பேரு திண்டிவனமாம். அங்கே வேங்கடேசன் வீட்டுத் தோட்டத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் உரமேடாம்.

அதன் முன்னால் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள் இளவரசி. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"கைய உள்ள வுடும்மா," என்றார் வேங்கடேசன். "மக்கிச் சூடு புடிச்சிருக்கான்னு பாரு."

"சாணி மாமா..."

"சாணி, காய்கறித் தோலு, கடலை ஆஞ்ச மல்லாட்டைக் கொடி. இதுல என்னா அசிங்கத்தக் கண்ட? அருவருப்பு பாக்குறவங்களுக்குத் தோட்டம் எதுக்கு?"

மேட்டைக் கிளறிக்கொண்டிருந்த பாஞ்சாலி சிரித்தாள். நாலு நாளைக்கு ஒருமுறை வந்து புரட்டிப் போடுவது அவள் வேலை.

"வுடுங்கய்யா. புதுப்பொண்ணு, போகப் போகப் பழகிக்கும்."

"டிகிரி படிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சிக்கினு நிக்குது பாரு."

இளவரசிக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். சுரீரென்றது.

"சுடுது மாமா."

"அப்பிடிப் போடு. இப்பதான் நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

அவளுக்கே பெருமையாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு, எவர்சில்வர் டம்ளர்களில் மோர் கொண்டுவந்தாள். மாமனாருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, இன்னொன்றை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா."

பாஞ்சாலி வாங்கவில்லை. வேங்கடேசனைப் பார்த்தாள்.

அவர் மருமகளை ஓரமாகக் கூப்பிட்டார். "அவ காலனிலேர்ந்து வர்றவம்மா. ஜன்னல்ல பேப்பர் கப்பு வாங்கி வெச்சிருக்கேன் பாரு, அதுல ஊத்திக் குடு."

குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டம் சின்னது.

இளவரசி டம்ளரோடு ஜன்னலுக்குப் போனாள். கப்பில் ஊற்றி, தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தாள்.

பாஞ்சாலி நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"கப்ப அப்பிடியே மேட்டுல போடு," என்றார் வேங்கடேசன். "காயிதம்தானே, மக்கிடும்."

"மக்காதுங்கய்யா. உள்ளுக்குள்ள பிளாஸ்டிக்கு ஒட்டியிருக்குது. ரெண்டு வருசமா நாந்தான் ஒவ்வொரு தபாவும் பொறுக்கி எடுத்துக்கினு போறேன், உங்க கத்திரிச் செடிக்கு ஆவாதுன்னு."

கிளறும்போது அடியிலிருந்து கிடைத்த பழைய கப்புகள் நாலு மண்வெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. அவற்றோடு கையிலிருந்ததையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டாள்.

"வர்றேன் பாப்பா," என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.