வாசல்வரை வந்த வாடை

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன்.

ஒன்றுமில்லை. மதியம் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் வாசனை, அவ்வளவுதான்.

அப்பாடா என்றிருந்தது.

நான் ருசி பார்க்கிறவள். வெளிநாட்டு பியர்களை வரவழைத்து விற்கிற கம்பெனியில், எதை வாங்கலாம், எது வந்த வழியே திரும்பிப் போகட்டும் என்று சொல்வது என் நாக்கு. ஆபீஸில் என் பெயரே நாக்குதான். "நாக்கு வந்தாச்சா?" என்றுதான் மேனேஜர் கேட்பார்.

ஜெர்மனியிலிருந்து வருகிற ஒன்று விறகுப் புகையாக மணக்கும். பெல்ஜியத்துக்காரர்கள் செர்ரிப் பழத்தை ஊறவைத்து, பல் கூசுகிற புளிப்பில் ஒன்று செய்கிறார்கள். அயர்லாந்துக் கறுப்பு பியரில் காப்பிக்கொட்டையைக் கருக்கிய கசப்பு. ஜப்பானிலிருந்து அரிசி சேர்த்துச் செய்த ஒன்று வந்தது. இது என்ன தண்ணீர் என்று முதல் மடக்கில் உதட்டைப் பிதுக்கினேன், மூன்றாவது மடக்கில் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் கை பரபரக்கும்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய வேலைதான், வீட்டில் ஒரு குடிகாரர் இல்லாமலிருந்தால்.

குடிகாரராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனி தொட்டால் ஈரல் தாங்காது, வாடைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவள் நான்.

ஒயின் என்றால் துப்பிவிடலாம். பியரை விழுங்கித்தான் ஆகவேண்டும்; அதன் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுசாகத் தெரியும். நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காக விழுங்கிவிட்டு, ஆபீஸ் குளியலறையில் பல் தேய்த்து, ஏலக்காய் மென்று, உடுப்பையும் மாற்றிக்கொண்டு கிளம்புவேன். என்ன செய்து என்ன? பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார். எனக்கு மானம் போகும். எங்கள் தெருமுனை வந்ததும், பாவி, நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று என்னை நானே திட்டிக்கொண்டு நடப்பேன்.

அவரோ, கதவைத் திறந்ததும் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொள்வார்.

குடித்த காலத்தில் என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காத மனிதர். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவேன். விடமாட்டார். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்பார்:

"இன்னிக்கு எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தே?"

சொல்லாமல் விடமாட்டார் என்பதால் சொல்வேன். புகை, செர்ரி, கருகின காப்பி. வாயைத் திறக்கத் திறக்க எனக்குக் கூசும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு என்மேல் இத்தனை பிரியமா என்று உருகிப்போவேன். அக்காவிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கொடுத்து வைத்தவள்டி நீ என்றாள்.

அந்தப் பிரியத்துக்குப் பதிலாக நான் என்ன செய்தேன்? தினமும் அதே வாயோடு வந்து நின்றேன். அந்த வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இன்று காலை மேனேஜரிடம் போய், ருசி பார்க்கிற வேலை வேண்டாம், கிடங்குக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுவிட்டேன். பைத்தியமா உனக்கு என்றார். ஆமாம் என்றேன். மதியத்துக்குள் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகட்டும், சாயங்காலம் வாசலில் அவர் முகத்தைப் பார்த்தால் போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

மணியை அழுத்தினேன்.

கதவு திறந்தது. கட்டிக்கொண்டார். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. கூச்சமில்லாமல் நானும் அவரை இறுக்கிக்கொண்டேன்.

கன்னத்தோடு கன்னம் வந்தது. பிறகு காதோரம். பிறகு கழுத்து. மறுபடியும் என் வாய்ப்பக்கம் வந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

நானே ஆரம்பித்தேன். இனிமேல் ருசி பார்க்கப் போவதில்லை, நானாகக் கேட்டு மாறிவிட்டேன், உங்களுக்காகத்தான் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கைகள் தளர்ந்தன. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, வேறு யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்குப் போய்க் கேட்டா, திருப்பிக் குடுப்பாங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காது மடல்கள் சிவந்துவிட்டன.

எனக்கும் உறைத்தது. இத்தனை நாளும் இந்த வாசலில் அவர் கட்டிக்கொண்டது என்னை அல்ல.

எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கூடாது என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் கைகள் என் முதுகை விட்டு விலக ஆரம்பித்திருந்தன.

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.