பேட்டரி இல்லாத அனுபவஸ்தர்

புது ஒயர்லெஸ் வீடியோ கேம் கன்ட்ரோலருக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைதான். தொட்டதும் பேசும் பட்டன்கள், உள்ளங்கையில் பாந்தமாக உட்காரும் உடம்பு, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி. இதையெல்லாம் பார்த்துத்தான் இலக்கியா அதை வாங்கியிருந்தாள்.

நானும் விளையாடுவேன் என்று அடம்பிடித்த அப்பாவின் கையில் அவள் பழைய கன்ட்ரோலரைக் கொடுத்தாள். அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டு மாதக்கணக்காகிறது. அப்பாவுக்கு இது தெரியாது. பழசு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிவி திரையில் கார் பந்தயம் தொடங்கியது. இரண்டு கன்ட்ரோலருக்கும் சேர்த்து, புதுசு ஓட்டும் ஒற்றைக் கார்தான். அது வளைவில் வழுக்காமல் திரும்பியதும் பழசு கேட்டது: "எப்படித் திருப்பினேன் பாத்தீங்களா தம்பி?"

அடுத்த வளைவில் கார் சுவரில் மோதியது.

"உங்களுக்கு நிதானமே இல்ல தம்பி."

புதுசுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஐயா, உங்களுக்குள்ள பேட்டரியே கிடையாது."

"அனுபவம் இருக்கே. பேட்டரி எதுக்கு?"

சாயங்காலம் வரை புதுசு மூச்சுவிடாமல் உழைத்தது. கார் முதலிடத்துக்கு வந்த நேரத்தில் புதுசின் சார்ஜ் தீர்ந்தது. கார் நடுரோட்டில் நின்றது.

"பாத்தியாம்மா, எவ்வளவு கரெக்டா பிரேக் போட்டேன்?" என்றார் அப்பா.

இலக்கியா புதுசை சார்ஜரில் செருகினாள்.

"பாவம், சின்ன வயசு. அதுக்குள்ள களைச்சுப்போச்சு," என்றது பழசு. "நானெல்லாம் மாசக்கணக்கா சார்ஜே கேட்டதில்ல."