பலாப் புகை

அல்போன்ஸ் புகையை விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இசக்கி வாசற்படிக்கு வெளியே நின்று அவருடைய உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கு வழியாகப் புகை மெல்ல வந்தது. பாலில்லாத கட்டன் சாயாவில் ஒரு மிடறு எடுத்து, வாய் கொப்பளித்து, ஜன்னலுக்கு வெளியே துப்பினார். மறுபடியும் பைப்பை உறிஞ்சினார்.

மேசையில் இரண்டு டப்பாக்கள். ஒன்று ததேயுஸ் முதலாளியுடையது. மற்றது களியக்காவிளைக் கம்பெனி இந்த மாதம் இறக்கியது.

சுதந்திரம் வந்து நாலு வருடமாகியும் மலைத்தோட்டங்களில் துரைமார் மிச்சமிருந்தார்கள். அவர்களுடைய பைப்புக்குப் புகையிலை தக்கலையில் ததேயுஸின் கடையிலிருந்துதான் போனது. இலையைப் புகைப்புரை என்ற கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே தொண்டு எனும் தேங்காய் மட்டையைக் கனலவிட்டுக் கறுக்க வைப்பார்கள். அந்தக் கனலை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் இசக்கி. தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

கறுத்த இலையோடு வேறு எந்த இலையை எவ்வளவு சேர்ப்பது என்று ருசி பார்த்துச் சொல்கிறவர் அல்போன்ஸ். முதலாளியின் மனைவிக்குத் தம்பி.

ஆறு மாதம் முன்பு களியக்காவிளைக்காரன் டப்பாவிலும் அதே ருசி வந்தது. மூன்று தோட்டங்கள் கைவிட்டுப் போயின. இங்கிருந்து யாரோ தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

“பிலாக் கட்டை,” என்றார் அல்போன்ஸ். “தெளிவாட்டு இருக்கு அத்தான். கடைசில ஒரு இனிப்பு வருகு பாத்தியளா? வெறும் தொண்டுப் புகைல இது வராது.”

எதிரே உட்கார்ந்திருந்த ததேயுஸ் பைப்பை வாங்கி இழுத்தார்.

“பிலாதான்.”

பலாவுக்கும் தனக்கும் என்ன என்று இசக்கிக்கு விளங்கவில்லை. புகைப்புரைக்குள் தேங்காய்த் தொண்டு தவிர ஒரு சுள்ளிகூட இதுவரை போனதில்லை.

“ஏட்டி, இஞ்ச வா,” என்றார் அல்போன்ஸ். “ரெண்டு மாசம் முன்ன அத்தான் உன்னத் தனியா கூப்பிட்டு, இனி தொண்டோட பிலாக் கட்டையும் போடப்போறோம், யாருட்டயும் மூச்சு விடாதன்னு சொன்னாவல்லா? அது உனக்கு வச்ச பொறி. நாங்க பிலா போடவே இல்ல. அவன் போட்டிருக்கான்.”

“எங்கிட்டயா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலயே!”

“இதத்தான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும். உனக்க அக்கா மாப்பிள களியக்காவிளைல மூட தூக்குகான்லா? அவன் மூட மட்டுமா தூக்குகான்?”

“அவரு உப்பு மூட தூக்குகாரு. அம்மன் சத்தியமாட்டு எனக்கு ஒண்ணும் அறியாது.”

“அம்மனுக்கு வேற சோலி இல்லியா? உனக்குச் சாச்சி சொல்லவா இருக்கா?”

இசக்கி முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“மொதலாளி, நீங்க சொல்லுங்க. எங்கிட்ட அப்பிடிச் சொன்னியளா?”

ததேயுஸ் பைப்பின் சாம்பலைத் தட்டினார். அவளைப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். போன மழைக்காலத்தில் ஈரத் தொண்டு கனலாமல் படுத்தியபோது, மூன்று நாள் ஊதி ஊதி அவர் இலையைக் காப்பாற்றியவள் அவள். ‘இசக்கி இருக்கது வர எனக்குப் பயமில்ல’ என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தவர் இவர். அத்தானும் மச்சினனும் பேசிவைத்துக்கொண்டுதான் தன்னைத் தள்ளுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. திருடி என்ற பேரோடு இந்தப் படியை விட்டு இறங்கினால், தக்கலையில் வேறு எந்தப் படியிலும் அவளை ஏற்றமாட்டார்கள்.

“அல்போன்ஸு,” என்றார் ததேயுஸ். “நல்லாப் பாத்தியா? வேற மரமாட்டு இருக்கப்போவுது.”

“மாதா மேல ஆணை. எனக்க நாக்கு இன்னைக்கு வர தப்பினதில்ல.”

“நம்மகிட்ட இருந்துதான் போச்சுன்னு எப்பிடிச் சொல்லுக? அவனே யோசிச்சுப் போட்டிருந்தா?”

“பைப்புப் புகையிலைக்கு எவனாவது பிலா போடுவானா அத்தான்? நம்ம ஆளு ஒருத்தர் போய்ச் சொன்னாத்தான் போடுவான்.”

இசக்கி இடுப்பில் செருகியிருந்த புகைப்புரைச் சாவியை எடுத்துப் படியில் வைத்தாள்.

“நான் போறேன் மொதலாளி. நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல. அது உங்களுக்குத் தெரியும்.”

“போட்டி, போ,” அல்போன்ஸ் சிரித்தார். “களியக்காவிளைல உனக்குப் புரை தொறந்து வச்சிருப்பான்.”

ததேயுஸ் எழுந்து வந்தார். குனிந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மச்சினன் பக்கம் திரும்பினார்.

“இவகிட்ட நான் பிலான்னு வாயே தொறக்கல்ல. அந்தக் கதைய உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன், அல்போன்ஸு.”