நீலவேணியின் ஸ்டெப்னி

காலை பத்தே காலுக்கு, அந்தப் பயணத்தின் ஏழாவது உதவியை முடித்துக்கொண்டு, நீலவேணி என்ற வேனுக்கு அதன் ஜாக்கி திரும்பி வந்தது. வழியில் எந்தச் சுற்றுலா வண்டி நின்றாலும் ஓட்டுநர் சூசை ஜாக்கியோடு இறங்கிவிடுவார். நீலவேணியைத் தாங்கி ஒருநாளாவது ஓட ஆசைப்பட்ட ஸ்டெப்னிக்கு வயிறு எரிந்தது.

“இன்னைக்கும் உனக்குத்தான் கும்பிடா, அண்ணே?”

“கும்பிடு சூசைக்கு. எனக்குச் சேறு,” என்றது ஜாக்கி.

மதியம் டயர் வெடித்து இன்னொரு வேன் நின்றது. அவர்களிடம் மாற்றுச் சக்கரம் இல்லை.

“எங்க ஸ்டெப்னி பொருந்தும். ஊர் போனதும் அனுப்புங்க,” என்று சூசை அதைக் கழற்ற வந்தார்.

“காத்தைக் கொஞ்சம் இறக்கிடு, விட்டுடுவாரு,” என்று ஜாக்கி கிசுகிசுத்தது. “நாளைக்கு நம்ம வண்டிக்கே நீ வேணும்டா.”

“எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே!”

ஸ்டெப்னி விறைப்பாக நின்றது. அந்த வேனின் குழந்தைகள் கைதட்டினார்கள். அது திரும்பிப் பார்க்காமல் உருண்டு போனது.

போன ஸ்டெப்னி திரும்பி வருவதற்கு முன்பே, மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, நீலவேணிக்குப் பஞ்சர் ஆனது. ஜாக்கி தூக்கிப் பிடிக்க, வழியில் வந்த ஒருவர் கொடுத்த வேறொரு ஸ்டெப்னியை மாட்டினார்கள்.