பதினொரு படத்திலும் அவள்

கடைசிப் படத்திலும் அவளேதான். ஜெனிட்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாமல்லபுரத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் கலைவாணனின் முதல் ஓவியக் கண்காட்சி. கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவன் என்று பெருமைப்பட்டுத்தான் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் இருபதே நாள்.

படங்களில் கொடிகள் சுருண்டன, பூக்கள் வளைந்தன. அவற்றோடு சேர்ந்து படத்துப் பெண்ணின் கூந்தலும் அலையலையாகச் சட்டம்வரை ஓடியது. ஒன்றில் நிலவைப் பார்த்தாள், ஒன்றில் தாமரை பறித்தாள், எல்லாவற்றிலும் அதே கண், அதே மூக்கு. கலைவாணன் ஒருமுறை ஜெனிட்டாவையும் வரைந்திருக்கிறான். அது ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருந்தது.

"இது ஆர்ட் நூவோ ஸ்டைல்தானே?" என்று கண்ணாடி போட்ட ஒருவர் அவனிடம் கேட்டார்.

"ஆமா சார். நூறு வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல போஸ்டரு, நகை, ஜன்னல் கம்பின்னு எல்லாத்தயும் இப்டிதான் வளைச்சி வளைச்சி போட்டாங்க. காலேஜ் லைப்ரரில பாத்து கத்துக்கினேன். கோடு அவங்களுது, மூஞ்சி நம்ம ஊருது."

நம்ம ஊராம். கண்ணாடிக்காரர் நகர்ந்ததும் ஜெனிட்டா அவனை ஓரமாக இழுத்தாள்.

"யாரு இவ?"

"சின்ன வயசுலருந்து பாத்த மூஞ்சி ஜெனி. கண்ண மூடுனா அதான் வந்து நிக்குது."

"பெரிய ரம்பை. கை பாரு, உலக்கையாட்டம் கீது. கழுத்தே தெரியாத அளவுக்கு நகை வேற. தலைய வாரி முடியக்கூட தெரியாதா அவளுக்கு? பேரு இன்னா?"

"இப்ப வேணாம். சொன்னா உங்க வூட்ல சிரிப்பாங்க."

சிரிக்கிற மாதிரியான உறவா அது? ஜெனிட்டா ஒரு முடிவுக்கு வந்தாள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் வரட்டும். அவர்கள் முன்னாலேயே கேட்பது, பதில் சரியில்லை என்றால் நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவது.

அச்சரப்பாக்கத்திலிருந்து இருவரும் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா கருப்பன் லாரி டிரைவர். முறுக்கு மீசையோடு படியேறி வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். ஜெனிட்டா அவன் அம்மாவிடம் போனாள்.

"அத்தை, இவ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அத்தை படத்தை உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"தெரியாம இன்னா? இவளால நானும் வயிறெரிஞ்சவதான். என் கூறப் பொடவையே இவதான் கட்டிக்கினு திரிஞ்சா."

"மாமா ஒண்ணும் கேக்கலயா?"

"அவரு எங்க கேக்கறது? பங்குனி பொறந்தா போதும், இவளே கதின்னு ஊரு ஊரா பூடுவாரு. ஆடிலதான் வூட்டப் பாக்க வருவாரு. கல்யாணமான புதுசுல எத்தினி நாளு அழுதுகீறேன்."

அப்பாவுக்கும் அவள்தான், பிள்ளைக்கும் அவள்தான். நல்ல குடும்பத்தில் வந்து மாட்டப் பார்த்தோம் என்று ஜெனிட்டா நினைத்துக்கொண்டாள். மோதிரம் லேசில் வரவில்லை, திருகித் திருகிக் கழற்றினாள்.

அப்பாவும் மகனும் கடைசிப் படத்தின் முன்னால் நின்றிருந்தார்கள். மோதிரத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள்.

கருப்பன் அவளைக் கவனிக்கவில்லை. படத்தில் இருந்தவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. மகனிடம் கூச்சத்தோடு கேட்டார்.

"டேய், கூத்துல துரோபதி வேசம் கட்டறப்ப நான் இம்மாம் அழகாவாடா இருந்தேன்?"