சேவைக்குத் தயார்

"அமெரிக்காவுக்கு எதுக்குப் போறீங்க, மிஸ்டர் தினேஷ்வரன்?"

"தொண்டூழியம் செய்ய, மேடம். எக்ஸ்சேஞ்ச் விசாவுல, ஆறு மாசம் ஒரு முதியோர் இல்லத்துல." டையைச் சரிசெய்துகொண்டான்.

"சம்பளம் கிடையாதே?"

"சேவைக்கு எதுக்கு மேடம் சம்பளம்?"

"விடியக்காலையிலயே எழுந்திரிக்கணும்."

"தினமும் அப்படித்தான் எழுந்திரிக்கிறேன், மேடம்."

எதிரே இருந்தவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"சட்டிபானை கழுவணும். டாய்லெட்டும் கழுவணும்."

"அதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மேடம். எங்க தாத்தா ரப்பர் எஸ்டேட்ல வேல செஞ்சவரு. உழைப்பு எங்க ரத்தத்துலயே இருக்கு."

"வெரி குட். செலக்டட்!"

தினேஷ்வரன் டையைக் கழற்றி வீசிவிட்டு சோபாவில் சாய்ந்தான்.

"திங்கக்கெழம கோலாலம்பூர் தூதரகத்துல நடக்குற விசா இன்டர்வியூவுலயும் இப்படியே சொல்லிருவேன்மா. ரிஹர்சல் போதும் லா. பசிக்குது, ஒரு மைலோ கலக்கிக் குடு."

அவன் அம்மா விஜயராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மடியில் இருந்த கைப்பேசியைத் தட்டினாள்.

"அதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மேடம்" என்றது மகனின் குரல்.

"சிங்க் நெறஞ்சு கெடக்கு, எழுந்திரு. விசா வர்ற வரைக்கும் உனக்கு இங்க, தங்கா பத்துல நம்ம வீட்டுலதான் போஸ்டிங்."